அண்டா மூடிய பிறகு

என்னிடம் படித்த ஒரு மருத்துவருக்கு நான் துரோகம் செய்தேன். அவர் நம்பிச் சொன்ன ஒன்றை வேறொரு இடத்தில் எடுத்துச் சொல்லி, அவருக்கு வரவேண்டிய வேலையை வரவிடாமல் செய்தேன். கோபத்தில் செய்யவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஏசி போட்ட அறையில், எதிரில் முந்திரிப் பருப்பும் பிஸ்கட்டும் இருக்க, நிதானமாகச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் இப்படித் தொடங்குகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் அவசர மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேலைக்காகப் பல வருடங்கள் வெளியூரில் இருந்துவிட்டு இப்போது பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். மாடி அறை ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை தெரியும். மதியம் வெயில் ஏற ஏற அதன் விளிம்பு கலங்கிப்போய், பாறை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்பது போல் தோன்றும். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாயும்போது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. என் மாணவர்கள் வருவது அந்த நேரத்தில்தான். சிலர் இருபத்தைந்து வயதில் வருகிறார்கள், சிலர் நரைத்த மீசையோடு. எல்லோருமே கையில் போனை வைத்துக்கொண்டு, "சார், ஒரு கேஸ்" என்கிறார்கள்.

அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. நோயாளியின் முதல் அரைமணி நேரம்தான் எங்களுடையது. அதற்குப் பிறகு அவர் வார்டுக்கோ அறுவை அரங்குக்கோ போய்விடுவார். பிழைத்தவர்கள் எங்கள் முகத்தை நினைவில் வைப்பதில்லை. நாங்களும் அடுத்தவரிடம் ஓடிவிடுவோம். அதனால் எங்கள் தலைக்குள் இருப்பவை பெரும்பாலும் முடிவு தெரியாத கதைகள். எங்கள் கையால் தவறிப்போனவை மட்டும்தான் முடிவோடு தங்கும்.

என்னிடம் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போனார்கள். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், வடமதுரை என்று இந்தப் பக்கமே நிறையப் பேர். பெரிய ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் சூழ நின்று பழகியவர்களுக்கு, ஒரு நர்ஸையும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு தனியாக நிற்பது பயமாக இருக்கும். கடைசி நாளில் ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "தெரியலேன்னா போனை எடுத்து அடி. எந்நேரமானாலும் நான் எடுப்பேன்."

அடித்தார்கள். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். "சார், நாப்பது வயசு, மூச்சு வாங்குது, ஒரு பக்கம் காத்தே ஏறல" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். மனைவி பரிமாறிய தோசை ஆறிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடி அந்த மூச்சைக் கேட்பேன். எங்கோ ஒரு ஊரில் நான் பார்க்காத ஒரு மனிதனின் மார்பு மேலேறி இறங்குவது எனக்குத் தெரியும். அது ஒரு போதை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடுவோம். வத்தலக்குண்டு சாலையில் என் மனைவி வீட்டாருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பேகம்பூரிலிருந்து ஒரு பாய் வந்து பிரியாணி போடுவார். சாப்பிட்ட பிறகு தென்னை நிழலில் கயிற்றுக் கட்டில்களை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சு. ஆனால் முதல் வருடம் பேசவே முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை யாருடைய போனாவது கூவியது. பார்த்துக்கொண்டே இருந்த பாய் ஒரு காலி அண்டாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"எல்லாரும் போனை இதுக்குள்ள போடுங்கப்பா. மூடியப் போட்டு மேல ஒரு கல்ல வச்சுர்றேன். செத்த நேரம் மனுசனுக்கு மனுசன் பேசுங்க."

"பாய், எங்க ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டா?" என்றார் ஒருவர்.

"என் நம்பரக் குடுத்துட்டு வாங்க. நான் மோட்டார் ரூம் படியில உக்காந்திருக்கேன். உசுருக்கு அவசரம்னா கத்துறேன். பொண்டாட்டி கூப்பிட்டா கத்த மாட்டேன்."

அப்படித்தான் எங்கள் வழக்கம் உண்டானது. எல்லாப் போனும் அண்டாவுக்குள். வெளியே ஒரே ஒரு போன், பாயின் பட்டன் போன். மூடி விழுந்த பிறகு, விருப்பப்பட்ட ஒருவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டு, தன் கையில் தவறிப்போன ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. இடையில் கேள்வி கேட்கக் கூடாது. ஆறுதலும் சொல்லக் கூடாது. அவர் எழுந்ததும் அடுத்தவர் படுக்கலாம். அங்கே சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். நாளடைவில் துறையிலேயே அது ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது குரலைத் தாழ்த்தினால் எதிரில் இருப்பவர், "அண்டா மூடியாச்சா?" என்பார். மூடியாச்சு என்றால் அது வெளியே போகாது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் எங்களை ஒன்றாக வைத்திருந்தது பிரியாணியும் இல்லை, குரூப் போட்டோவும் இல்லை. வருடம் முழுக்கத் தனியாகச் சுமந்ததை ஒரு மதியம் இறக்கி வைக்க ஒரு கட்டில் இருந்தது. அதற்காகவே தஞ்சாவூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வந்தார்கள்.

நான் துரோகம் செய்த அந்த மருத்துவர் பூ விவசாயி வீட்டுப் பெண். திண்டுக்கல்லுக்குப் பக்கத்து கிராமம். அந்த நாளில் என் மனதில் அவர் 'அவள்'தான். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. படிக்கும்போது விடியலில் தங்கள் தோட்டத்தில் மல்லிகை பறித்துவிட்டு பஸ் ஏறி வருவாராம். அவசரப் பிரிவின் டெட்டால் வாடைக்கு நடுவே அவர் கடந்து போனால் ஒரு கணம் மல்லிகை வரும். இது நிஜமாகவே இருந்ததா, மதிய நாற்காலியில் நான் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. கை மட்டும் அபாரமான கை. பதறாத கை. படிப்பு முடிந்து வடமதுரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

ஒரு வருடம் தோப்பில் அவர் படுத்துச் சொன்னார்.

தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர் ஒருவர், வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்திருக்கிறார். வயிற்றெரிச்சல். காலையில் சாப்பிடவில்லை, வெறும் டீதான். "அந்த கேஸ் டிரபிள் ஊசியப் போட்டு விடுங்கம்மா, லோடு காத்துக்கிட்டு இருக்கு" என்று கேட்டிருக்கிறார். உள்ளே ஒரு குழந்தைக்கு வலிப்பு. இவர் ஊசியைப் போடச் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போயிருக்கிறார். திரும்பி வந்து ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம் என்று நினைத்தார். வந்தபோது ஆள் இல்லை. லோடு காத்துக்கிட்டு இருக்குமே என்று எழுந்து போனவர், வேன் கதவைத் திறந்தபடியே ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். வயிற்றெரிச்சலாக வந்தது மாரடைப்பு.

"வண்டிய எடுக்க ஆள் வரல. ரெண்டு நாள் அங்கேயே நின்னுச்சு. தக்காளி அழுகுற வாட வார்டு வரைக்கும் வந்துச்சு. ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும்..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "எடுக்கணும்னு தோணுச்சு. எடுக்கல. இதுதான் நடந்தது" என்று முடித்தார்.

ஓலைகள் உரசிக்கொண்டிருந்தன. அண்டாவுக்குள் ஒரு போன் கிணற்றுக்குள் விழுந்த குரல் போல அடித்து ஓய்ந்தது. நான் அவரை மதித்தேன். அன்று உண்மையாகவே மதித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்ததன் அளவு தெரியாது.

அதன் பிறகு மெல்ல ஒரு மாற்றம் வந்தது. எனக்கு வரும் போன்கள் குறைந்தன. முதலில் கவனிக்கவில்லை. தோசை சூடாகவே வயிற்றுக்குள் போகத் தொடங்கியபோது கவனித்தேன். ஒருநாள் நானே ஒட்டன்சத்திரத்தில் இருந்த ஒரு இளைய மாணவரைக் கூப்பிட்டு, "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்றேன். அவருக்குக் கொங்குப் பேச்சு.

"நேத்துக்கூட ஒரு பாம்புக்கடி வந்துதுங்க சார். அக்காகிட்டக் கேட்டுட்டனுங்க. சரியாப் போச்சுங்க. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு."

அக்கா என்றது வடமதுரைக்காரரைத்தான். எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் விதைத்தது முளைத்திருக்கிறது என்று மேடையில் பேசியிருக்கலாம். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. மாலை நேரங்கள் நீளமாயின. போனைக் கையில் எடுத்து, அது வேலை செய்கிறதா என்று மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையில்தான் எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. அவரும் விண்ணப்பித்தார். என்னிடம் வந்து சொல்லவும் செய்தார். "நம்ம டிபார்ட்மெண்டுக்கே திரும்பி வரணும்னு ஆசை சார்" என்றார். தேர்வுக் குழுவில் கடைசியில் அவரும் இன்னொருவரும் நின்றார்கள். குழுவில் ஒரு பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருமே உங்க புள்ளைங்கதான். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் சொன்னேன்: "இந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா நெஞ்சுவலின்னு வந்த ஆளை ஈசிஜி எடுக்காம அனுப்பி, ஆள் போயிட்டார். அவளே சொன்னது."

அவளே சொன்னது. அந்த இரண்டு வார்த்தைதான் குழுவை முடிவெடுக்க வைத்தது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். சனிக்கிழமை மாலைகளில் மாதா கோயிலில் தப்புகளையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வரும்போது, உள்ளே உட்கார்ந்திருந்த சாமியார் என்னை எதிரில் பார்த்தாலும் எதுவும் தெரியாதவர் போலச் சிரிப்பார். அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று ஒருநாளும் பயந்ததில்லை. ஆகவே, ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

குழுவில் நடந்தது ஒரு வாரத்துக்குள் வெளியே கசிந்தது. இந்த மாதிரி இடங்களில் கசியத்தான் செய்யும். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பொங்கல் கழிந்த ஞாயிறு வழக்கம்போல எல்லோரும் தோப்புக்கு வந்தார்கள், அவரைத் தவிர. சாப்பிட்டார்கள். போன்களை அண்டாவுக்குள் போட்டார்கள். பாய் மூடிமேல் கல்லை வைத்துவிட்டு மோட்டார் ரூம் படிக்குப் போனார். கட்டில் காலியாகக் கிடந்தது. யாரும் படுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஒருவர் உட்கார்ந்தபடியே ஒரு கதை சொன்னார். லாரி மோதி வந்த ஒரு பையன், பிழைத்துவிட்டான். அடுத்தவர் சொன்ன கதையில் கிணற்றில் விழுந்த ஒரு பெண், அவளும் பிழைத்துவிட்டாள். அன்று மதியம் முழுக்க யாருமே சாகவில்லை. எல்லோரும் பிழைத்துப் பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தென்னை நிழல் மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. மூடி போட்ட அண்டா நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பிறகு வருபவர்கள் குறைந்தார்கள். தோப்புக் கூட்டம் ஓட்டல் சாப்பாடாகி, அதுவும் நின்று, ஒரு வாட்ஸ்அப் குழுவாக மிஞ்சியது. காலை வணக்கம், பூப்படம், பிறந்தநாள் கேக். அவர் அந்தக் குழுவில் சேர்க்கப்பட்ட அன்றே வெளியேறிவிட்டார். அவர் எண் வெளியேறியது என்ற சாம்பல் நிற வரி ஒன்று திரையில் வந்தது. அடுத்த நொடி யாரோ ரோஜாப்பூ அனுப்பினார்கள். சாம்பல் வரி மேலே போய்விட்டது.

நான் ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். அவர் வேடசந்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்து எழுவதற்குள் வந்துவிடும் தூரம். நான் போகவில்லை. வருடங்கள் போயின.

என்னை எழுப்பியது அந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்தான். இரண்டு வருடங்களுக்கு முன் தங்கை கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியெல்லாம் விட்டாச்சுங்க சார். மாமனாரோட காய்கறி மண்டியில இருக்கறனுங்க."

"ஏன்?"

காப்பியைச் சுற்றிச் சுற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். "ஒரு குழந்தை போயிருச்சுங்க. டோஸ் கணக்குல என் தப்புங்க. யாரும் கண்டுபிடிக்கலீங்க. அதுதான் தாங்கலீங்க. அண்டா இருந்திருந்தா வந்து சொல்லியிருப்பனுங்க. சொன்னா நாளைக்கு யாரு எங்க போயி எடுத்து விடுவாங்களோன்னு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டு, "சட்னிக்கு இப்ப தக்காளி நல்லா வருதுங்க சார், அனுப்பி விடறனுங்க" என்றார்.

அவர் அனுப்பிய பெட்டி இரண்டு நாள் கூடத்திலேயே இருந்தது. எனக்கு அந்தத் தக்காளியைத் தொட முடியவில்லை. வாடை மாடி வரைக்கும் வந்தது. மூன்றாம் நாள் வேடசந்தூர் பஸ் ஏறினேன்.

மில் ஷிப்ட் விடும் நேரம். சாலையில் மில் பஸ்கள், சைக்கிள்கள். வரும் பெண்களின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு வெள்ளைப் புகை. காற்றில் பஞ்சுத் துகள்கள் விழவும் மனமில்லாமல், எழவும் மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அதற்குள் நடந்துபோன எனக்கு, நான் வந்த காரியம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. ஆஸ்பத்திரியைச் சேரும்போது சட்டை முழுக்க வேர்வை.

"என்ன தாத்தா செய்யுது?" என்றார் வாசலில் இருந்த நர்ஸ்.

"ஒண்ணும் செய்யல. டாக்டரைப் பாக்கணும்."

"இம்புட்டு வேர்த்து ஊத்துது, ஒண்ணும் செய்யலங்கிறீங்க. சட்டையக் கழட்டுங்க, ஈசிஜி எடுக்கணும்."

"நானும் டாக்டர்தாம்மா."

"அப்பச் சொன்னாக் கேக்க மாட்டீங்க. வாங்க, படுங்க."

பெஞ்சில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு மில் பெண் சிரித்தார். "படுத்துருங்கய்யா. நான் ஆணி குத்தி வந்தேன், எனக்கே எடுத்துட்டாக. இங்க அந்தத் தாள் கிழியாம யாரும் வீடு போக முடியாது."

"எங்க டாக்டர் சட்டம்" என்றார் நர்ஸ். பெருமையாகத்தான் சொன்னார்.

மல்லாந்து படுத்தேன். மார்பில் அந்த ஈரமான குளிர்ந்த கிண்ணங்களை ஒட்டினார்கள். மேலே மின்விசிறி சுற்றியது, அதன் இறக்கைகளில் பஞ்சு. ஈசிஜித் தாள் சரசரவென்று வெளியே வரும் சத்தம். கதவு திறந்து அவர் வந்தார். முன்தலை நரைத்திருந்தது. முதலில் தாளை வாங்கி முழுதாகப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். நர்ஸை வெளியே போகச் சொன்னார். வணக்கம் சொல்லவில்லை.

நான் எழ முயன்றேன். முடியவில்லை, ஒயர்கள். அதனால் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தேர்வுக் குழுவில் நான் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது, போன் வராத மாலைகள், எல்லாம். அவர் இடையில் எதுவும் கேட்கவில்லை. முடித்தபோது, பழக்கத்தில், "இதுதான் நடந்தது" என்று என் வாயில் வந்தது.

அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"நெஞ்சுவலின்னு சொன்னீங்களாம்" என்றார்.

"ஆமாம்."

"அவரு நெஞ்சுவலின்னு சொல்லல சார். வயித்தெரிச்சல்னுதான் சொன்னாரு. நெஞ்சுவலின்னு சொல்லியிருந்தா எந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்திருந்தாலும் நான் எடுத்துட்டுத்தான் போயிருப்பேன். வேல கிடைக்காதது போகட்டும். இம்புட்டு வருசமா எனக்கு அந்த ஒரு வார்த்தைதான்."

நான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அது அந்த அறையில் ஒரு பஞ்சுத் துகள் அளவுக்குத்தான் இருந்தது.

"எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டுப் போனா எப்படி சார்? என்னைப் பத்தி எல்லாருக்கும் தெரியும்ல. அவங்ககிட்டச் சொல்லுங்க." என் மார்பைத் துடைக்க ஒரு துணி கொடுத்தார். "எனக்கும் அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நடந்திருக்கு. தப்பே பண்ணாமலா இருப்பேன்? எங்க போய்ச் சொல்ல? என் புருசன்கிட்டச் சொன்னா, அய்யய்யோன்னுதான் சொல்லுவாரு. அவருக்கு என்ன தெரியும்?"

"தோப்புல மறுபடி கூடினா வருவியாம்மா?"

"தெரியல." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "ஈசிஜி நல்லாருக்கு. வெயில் தாழ்ந்து பஸ் ஏறுங்க."

பல்கலைக்கழகத்தில் இப்போதைய துறைத் தலைவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "பழைய கதை சார், இனி எதையும் மாத்த முடியாது" என்றார். அது உண்மை. வாட்ஸ்அப் குழுவில், பிறந்தநாள் கேக்குகளுக்குக் கீழே, பொங்கல் கழிந்த ஞாயிறு தோப்புக்கு வாருங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதினேன். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கு சார் இப்பப் போயி? வயசான காலத்துல நிம்மதியா இருங்க" என்றார். ஒட்டன்சத்திரத்துக்காரரை நானே கூப்பிட்டேன். மண்டி இரைச்சலுக்கு நடுவில், "பாக்கலாங்க சார்" என்றார்.

அந்த ஞாயிறு காலை பனி விலகவே இல்லை. கொடைக்கானல் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெண்மை. தென்னைகள் இடுப்புக்கு மேல் கரைந்து போயிருந்தன. பாய் இப்போது இல்லை. அவர் மகன் அடுப்பு மூட்டியிருந்தார். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அருகில் வரும்வரை யாரென்று தெரியவில்லை. வந்ததும் எல்லோருக்கும் வயதாகியிருந்தது. கடைசியாக ஒரு ஸ்கூட்டர் சத்தம். அவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

யாரோ பழக்கத்தில் அண்டாவை எடுத்து வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன்.

"போன் உங்க கையிலேயே இருக்கட்டும். நான் சொல்றதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

கட்டிலில் படுக்கவில்லை. நின்று, முகங்களைப் பார்த்துச் சொன்னேன். டிரைவர் சொன்னது வயிற்றெரிச்சல் என்று சொன்னேன். நெஞ்சுவலி என்பது என் பொய் என்று இரண்டு முறை சொன்னேன். பொறாமை என்ற வார்த்தையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை, கடைசிக் கட்டிலுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன்.

ஒருவர் எழுந்து, எதுவும் பேசாமல், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. என் வயதை நெருங்கும் இன்னொருவர் தரையைப் பார்த்தபடி, "எங்களுக்கு அப்பவே தெரியும் சார். நாங்களும் ஒருத்தரும் கேக்கலியே" என்றார்.

அவர் மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, தன் போனை எடுத்து உள்ளே போட்டார். காலி அண்டா டங்கென்று அதிர்ந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் எழுந்து தன்னுடையதைப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக. நானும் என் போனை எடுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளங்கையால் அண்டாவின் வாயை மறைத்துக்கொண்டார்.

"சார், நீங்க செத்த நேரம் அந்தப் பக்கம் இருக்கீங்களா?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் தலையாட்டினேன்.

"ஆஸ்பத்திரில உங்க நம்பரத்தான் குடுத்துட்டு வந்திருக்கேன். அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்றார். மற்றவர்கள் தங்கள் போன்களை வெளியே எடுத்து, என் எண்ணை ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிவிட்டு வந்து திரும்பப் போட்டார்கள். மூடி விழுந்தது.

மோட்டார் ரூம் படியில் போய் உட்கார்ந்தேன். படி குளிர்ந்திருந்தது. அங்கிருந்து அவர்கள் வெள்ளைத் துணிக்குப் பின்னால் அசையும் நிழல்கள் போலத் தெரிந்தார்கள். குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து புகை தரையோடு தவழ்ந்து வந்து பனியோடு சேர்ந்தது. அண்டாவுக்குள் எப்போதாவது ஒரு போன் முனகியது. என் கையில் இருந்தது அடித்தது.

"தாத்தா, டாக்டர் இருக்காங்களா?" வேடசந்தூர் நர்ஸின் குரல்.

"மூடியாச்சும்மா. அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்ல. பல்வலின்னு ஒருத்தர் வந்தாரு. ஈசிஜி எடுத்தாச்சு, நல்லாருக்குன்னு சொல்லிருங்க. எடுக்கலன்னா வந்து திட்டுவாங்க."

சொல்கிறேன் என்றேன். எழவில்லை, அது காத்திருக்கலாம். பனிக்குள் கட்டிலில் யாரோ மல்லாந்து படுத்திருந்தார்கள். அவரா, மண்டிக்காரரா, அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலாமல் பார்வையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இந்த வருடமும் கூடினார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர் இன்னும் மண்டியில்தான் இருக்கிறார். ஆனால் வந்தார், தக்காளிப் பெட்டியோடு. என்னை உள்ளே யாரும் கூப்பிடவில்லை. வேடசந்தூர் டாக்டர் இதுவரை ஒரு கேஸ் பற்றிக்கூட என்னிடம் கேட்டதில்லை, மன்னித்தேன் என்று சொன்னதும் இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, அதே நம்பர்தானே சார் என்று மட்டும் கேட்டார். அதேதான் என்றேன்.